கேட்டுப் பரிமாறவும்

ஜூன் 3, திங்கள்

பிரஷர் பார்த்த நர்ஸ் பெண் பட்டையை இரண்டு தடவை கட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை டாக்டரே எழுந்து வந்து கட்டினார். நூற்றுத் தொண்ணூறு. "ஏனுங்கம்மா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார். மாங்காய் ஊறுகாய் என்று சொன்னேன். பொய் இல்லை. ஊறுகாயும் சாப்பிட்டிருந்தேன்.

சிந்துஜா போன வாரம் போன் செய்ததை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? என் ஒரே மகள். ஈரோட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆறாம் மாதம் நடக்கிறது, தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதத்தில் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், புகுந்த வீட்டில் விருந்து வைத்து, அன்றைக்கே பெண்ணைக் காரில் ஏற்றி அம்மா வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டுச்சோறு என்போம். நான் மேல் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, பேறுகால மருந்துக்குச் சுக்குகூட இடித்து வைத்துவிட்டேன். அவள் என்னவென்றால், "பிரசவத்த இங்கயே பாத்துக்கறேம்மா, அங்க வர்ல" என்கிறாள். ஆஸ்பத்திரி பக்கமாம். அதற்குமேல் சொன்னதெல்லாம் கோபத்தில் சொன்னது. எழுத வேண்டியதில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "மேல ரெண்டாவது மாடில புதன்கிழமை ஒரு குரூப் நடக்குதுங்க. நாலஞ்சு பேரு வட்டமா உக்காந்து மனசுவிட்டுப் பேசறது. கவுன்சிலர் ஒருத்தங்க இருப்பாங்க. நீங்களும் போய்ட்டு வாங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் கல்லூரி விடுதியில் முப்பது வருஷம் வார்டனாக இருந்தவள் நான். நானூறு பெண்களின் அழுகையையும் காதலையும் பல்லி விழுந்த சாம்பாரையும் சமாளித்தவள். அந்தக் கவுன்சிலருக்கு அனுபவப்பட்ட ஆள் ஒருத்தி துணைக்கு வேண்டும்போல. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். பம்ப்செட் கடையில் மோட்டார் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. காதில் மெஷின் வைத்திருக்கிறார்.

ஜூன் 5, புதன்

அறையில் நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழுத்து நேர் செய்தேன். கவுன்சிலர் வந்து அவற்றை மறுபடி வட்டமாக்கினாள். பெயர் மைதிலி. என் சிந்துவைவிட நாலு வயது மூத்திருந்தால் அதிகம். நடந்தால் சத்தமே வராத செருப்பு போட்டிருக்கிறாள்.

விதிமுறைகள் சொன்னாள். இங்கே பேசியது இந்த அறையைத் தாண்டக் கூடாது. குரூப் நடக்கும் வரை ஒருவரை ஒருவர் வெளியே சந்திக்கக் கூடாது. ஆகஸ்ட் மாதக் கடைசியோடு குரூப் முடிந்துவிடும். விதிகள் எனக்குப் பிடித்திருந்தன. இன்னும் நாலைந்து சேர்த்திருக்கலாம்.

ரஃபீக் என்று ஒரு பையன், காந்திபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். லிஃப்டில் ஏறினால், கூட்டத்தில் நின்றால் நெஞ்சு அடைத்து, செத்தே போய்விடுவோம் என்று பயம் வந்துவிடுமாம். ஆறுச்சாமி, சுல்தான்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணைக்காரர். சம்சாரம் தவறி ஒரு வருஷம் ஆகிறது, அதிலிருந்து தூக்கம் இல்லை. வினோதினிக்கு இருபத்தாறு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் "சாரி" என்கிறாள், யார் கால் யார்மேல் பட்டாலும் அவள்தான் சாரி. இவர்கள் போக ஒரு பாங்க் மேனேஜர், ஒரு கல்லூரி மாணவன்.

முதல் நாளே எல்லோருக்கும் வழி சொல்லிவிட்டேன். ரஃபீக்குக்குச் சீரகத் தண்ணீர். ஆறுச்சாமிக்குப் பாலில் ஜாதிக்காய். வினோதினிக்கு, முதலில் நிமிர்ந்து உட்கார். மாணவனுக்கு முடி வெட்டு. கிளம்பும்போது மைதிலி, "எல்லாருக்கும் சொன்னீங்க துளசிமணியம்மா. உங்களுக்கு என்னன்னு சொல்லவே இல்லீங்களே" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூன் 12, புதன்

பாங்க் மேனேஜரும் மாணவனும் வரவில்லை. இனி வரவும் மாட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ரஃபீக், போன வாரம் கடைவீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னான். மூன்று தடவை ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். "உலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்படி ஏதோ கோளாறு" என்றான்.

ஆறுச்சாமி தொண்டையைக் கனைத்தார். "தம்பி, எனக்கும் அப்படித்தானுங்க. விடியறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்கும். கோழிக்குத்தான் சீக்கு வந்துருச்சோன்னு எந்திரிச்சு ஓடுவேன். போய்ப் பாத்தா எல்லாக் கோழியும் சொகமாத் தூங்கிட்டு இருக்கும். எனக்குக் கோழிமேலயே கோவம் வந்துரும்."

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது வினோதினி, "எனக்கும்… ஆபீஸ் பாத்ரூம்ல போய்த் தாப்பாள் போட்டுட்டு நின்னுக்குவேன். சாரி" என்றாள். ரஃபீக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்களுக்குமா? உங்களுக்குமா?" என்று கேட்டான். தொலைந்த மாடு கிடைத்தவன் முகம்போல இருந்தது. நமக்கு மட்டும்தான் என்று நினைத்தது நமக்கு மட்டும் இல்லை என்று தெரிவதே பெரிய வைத்தியம் என்றாள் மைதிலி.

சீரகத் தண்ணீர் குடித்தானா என்று கேட்டேன். இல்லையாம்.

ஜூன் 19, புதன்

மைதிலி வரத் தாமதம். நேரம் வீணாகக் கூடாது என்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அட்டனன்ஸ் எடுத்து, ஒவ்வொருவராக எழுந்து நின்று குறையைச் சொல்லச் சொன்னேன். ஆறுச்சாமி "உள்ளேன் அம்மா" என்றே சொன்னார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மைதிலி கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். "இப்ப இங்க என்ன நடந்துட்டு இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

எதற்கெடுத்தாலும் இந்தப் பெண்ணுக்கு இதே கேள்விதான். நடப்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

ஜூன் 22, சனி

சிந்துவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். தட்டை, முறுக்கு, தேன் நெல்லிக்காய் எல்லாம் பார்சல் போட்டிருக்கிறேன், இரும்புச்சத்து மாத்திரையை இரவில் சாப்பிடு, இடதுபக்கம் ஒருக்களித்துப் படு, மாடிப்படி ஏறாதே, மாமியாரிடம் வேலையைச் சொல் என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றாள். கட்டுச்சோற்றுக்கு நாள் பார்க்கட்டுமா என்று கேட்டதும், பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 26, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பருப்புப் பூரணம் வைத்து, நல்ல நெய் ஊற்றி ஒப்புட்டு சுட்டு, எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனேன். ஆறுச்சாமி இரண்டு எடுத்துக்கொண்டார். ரஃபீக் ஒன்று. வினோதினியிடம் நீட்டினேன். "வேண்டாங்க ஆன்ட்டி" என்றாள். இந்தக் காலத்துப் பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்லும். ஒன்று எடுத்து அவள் கையில் வைத்தேன். "இல்லீங்க, வேண்டாங்க, சாரி" என்றாள். இன்னொன்றையும் வைத்தேன்.

"வேண்டாம்னு சொன்னேனுங்களே!"

அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வந்தது. ஒப்புட்டு இரண்டும் தரையில் கிடந்தன. அவள் அழுதாள். "நான் சொல்றது யாருக்குமே கேக்கறதில்ல. எங்கம்மாவும் இப்படித்தான். தோசை வேண்டாம்னா இன்னொண்ணு, இந்த மாப்பிள்ளை வேண்டாம்னா அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றாங்க."

மைதிலி அவளைச் சமாதானம் செய்யவில்லை. "வினோதினி, இந்த ரூமுக்குள்ள வந்து முதல் தடவையா சாரி சொல்லாமப் பேசினீங்க" என்றாள். ரஃபீக் கைதட்டினான். அவளுக்குக் கைதட்டு. எனக்கு?

ஜூன் 27, வியாழன்

ஒரு ஒப்புட்டுக்கு இவ்வளவா? இனி அந்த மாடிப்படி ஏறப்போவதில்லை. துணைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை 3, புதன்

டப்பாவின் மூடியை அங்கேயே விட்டுவிட்டேன். அதை எடுக்கத்தான் போனேன். மைதிலி எனக்கு நாற்காலி போட்டே வைத்திருந்தாள். மூடி அதன்மேல் இருந்தது. மூடியை எடுத்த கையோடு கிளம்பியிருக்கலாம், உட்கார்ந்துவிட்டேன்.

வினோதினி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். அன்று வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம், மூன்றாவது தோசை வேண்டாம் என்று ஒரே தடவையில் சொன்னாளாம். அம்மா "சரி" என்று போய்விட்டாளாம். "உங்ககிட்டச் சொன்னதாலதானுங்க ஆன்ட்டி அங்க சொல்ல முடிஞ்சுது" என்றாள். ஒரு தோசைக்காக நாலு பேர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு அன்னிக்கு எப்படி இருந்துச்சுங்க?" என்று மைதிலி என்னைக் கேட்டாள். எனக்கென்ன, ஒன்றுமில்லை என்றேன்.

"பொய்யிங்கம்மா," என்றார் ஆறுச்சாமி. "மூஞ்சி அப்படியே சுருங்கிப்போச்சு. நான் பாத்தனே."

முப்பது வருஷத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் இப்படிச் சொன்னதில்லை. கோபம் வரவேண்டும், அழுகை வந்தது. மே மாதம் சிந்து போனில் சொன்னதைச் சொன்னேன். அவளும் வினோதினி சொன்னதையேதான் சொன்னாள். "உன்ற ஊட்ல எனக்கு மூச்சு முட்டுதும்மா. பசிக்குதுன்னு நான் சொல்றதுக்குள்ள நீ போட்டுர்ற. எனக்குப் பசிக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியாமப் போயிருது." இதுதான் அவள் சொன்னது. எழுதிவிட்டேன்.

யாரும் எனக்கு வழி சொல்லவில்லை. ரஃபீக் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "வேணுங்களாம்மா?" என்று கேட்டான். வேண்டும் என்றேன்.

மைதிலி சொன்னாள், குரூப் என்பது ஒரு சின்ன ஊர் மாதிரியாம். வெளியே எப்படி இருக்கிறோமோ, நாலு வாரத்தில் இங்கேயும் அப்படியே ஆகிவிடுவோமாம். வினோதினி என்னைப் பார்த்தபோது அவள் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்தபோது சிந்துவைப் பார்த்திருக்கிறேன். "ஊட்ல நடக்கறதுதான் இங்கயும் நடக்குது. ஆனா இங்க நிறுத்தி, திரும்பச் செஞ்சு பாக்கலாமுங்க" என்றாள். அந்த ஒரே கேள்வியை அவள் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று கொஞ்சம் விளங்கியது.

ஜூலை 10, புதன்

எனக்கு இப்போது குரூப்பில் ஒரு வேலை இருக்கிறது. வினோதினி வாராவாரம் என்னிடம் "வேண்டாம்" சொல்லிப் பழக வேண்டும். நான் விடாமல் வற்புறுத்த வேண்டும். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றே ஒன்று சாப்பிடு, எனக்காக, நான் காலையில் எழுந்து செய்தது, அப்படியானால் நான் செத்த பிறகு சாப்பிடு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "யப்பா, உங்ககிட்டத் தப்பிச்சா எவன்கிட்டயும் தப்பிச்சுரலாம்" என்றான் ரஃபீக். ஐந்தாவது தடவை அவள் சிரித்துக்கொண்டே "வேண்டாங்க" என்றாள், தோள் நிமிர்ந்திருந்தது. என் கெட்ட குணம் ஒருத்திக்குப் பாடமாகப் பயன்படுகிறது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 24, புதன்

இன்று லிஃப்ட்!

ரஃபீக் இத்தனை வாரமாகப் படியேறித்தான் வந்துகொண்டிருந்தான். "நாங்களும் கூட வர்றோம், ஏறலாமா தம்பி?" என்று ஆறுச்சாமி கேட்டுவிட்டார். மைதிலியையும் சேர்த்து ஐந்து பேரும் உள்ளே நின்றோம். என்னிடம் மட்டும் மைதிலி, "அம்மா, ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. கூட நின்னாப் போதும்" என்று காதில் சொன்னாள். கதவு மூடியதும் ரஃபீக்கின் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக வந்தது. மூச்சை இழுத்துவிடு, கண்ணை மூடாதே, சீரகத் தண்ணீர் குடித்திருந்தால் இப்படி வருமா என்று என் வாய்க்குள் அத்தனையும் முட்டி மோதியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வினோதினி, "எனக்கும் பயமா இருக்கு" என்றாள். அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

தரைத்தளம் வந்து கதவு திறந்தது. யாரும் சாகவில்லை. ரஃபீக் வெளியே இறங்காமல் நின்றான். "இன்னொரு ரவுண்டு போலாமுங்களா?" என்றான். நாலு ரவுண்டு போனோம். ஸ்கேன் எடுக்க வந்த ஓர் அம்மா, ஏன் இத்தனை பேர் லிஃப்டுக்குள் கைதட்டுகிறோம் என்று புரியாமல் படியிலேயே போய்விட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பாருங்கள் என்று மைதிலி சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரிடம் செய்து பார்த்தேன். "ஏனுங்க, மத்தியானத்துக்கு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காதுக்குக் கையைக் கொண்டுபோய் மெஷினை ஆன் செய்தார்.

"என்ன கேட்ட?" என்றார்.

இத்தனை நாளும் வீட்டுக்குள் அதை ஆஃப் செய்துதான் வைத்திருந்தாராம். வாங்கிய நாளிலிருந்து. நான் பாத்திரத்தை எல்லாம் இடித்துக் கழுவினேன். அப்புறம் சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவருக்கு ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும் வேண்டுமாம். இந்த மனிதருக்கு அவியல்தான் உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

குரூப் நடுவில் ஆறுச்சாமி தூங்கிவிட்டார். சம்சாரத்தைப் பற்றி இன்றுதான் முதல் முறையாகப் பேசினார், கோழி என்ற சொல்லே வரவில்லை. பேசி முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் குறட்டைவிட ஆரம்பித்தார். விடுதியில் படிப்பு நேரத்தில் தூங்கிய பெண்களை நான் பிரம்பால் மேஜையைத் தட்டி எழுப்புவேன். இன்று மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாங்கள் குசுகுசுவென்றே பேசிக்கொண்டோம்.

அடுத்தது என் முறை. எதிரே வினோதினி சிந்துவாக உட்கார்ந்தாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. "கண்ணு, உனக்கு எங்க இருந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். அவள் உடனே பேசவில்லை. அந்தச் சும்மா இருத்தலைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. மேல் அறை, வெள்ளையடித்தது, தொட்டில், கொக்கி எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அப்புறம் அவள், "என்ன பதில் சொன்னாலும் நீ எங்கம்மாவா இருப்பியான்னு பயமா இருக்கும்மா" என்றாள்.

சிந்து அப்படி நினைக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "கடைசிவரைக்கும் நான் உங்கம்மாதான் சாமி" என்று சொன்னேன். வினோதினியும் அழுதாள், யாருக்காக என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நிஜமான சிந்துவுக்குப் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அம்மா… லைன்ல இருக்கறயா?"

"இருக்கறேன் கண்ணு."

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கடைசியில், "தெரிலம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். பால் பொங்கவில்லை இன்று. கட்டுச்சோற்றுக்கு அவளே நாள் சொன்னாள், செப்டம்பர் முதல் தேதி, ஞாயிறு. அன்றைக்கு என்னோடு கிளம்பி வருவாளா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைத்தபிறகு, போட்டுக்கொள்ள வசதியான நைட்டி தைக்கக் கொடுத்ததைச் சொல்ல மறுபடி கூப்பிட்டேன். பழக்கம் எங்கே போகும்?

ஆகஸ்ட் 14, புதன்

வினோதினி அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்! அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரே, "உனக்கு எப்படிப் பையன் வேணும்?" என்று கேட்டாராம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பல்லடத்தில் இருக்கிறான், எஞ்சினியர். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று கடைசி.

முடியக்கூடாது என்று நான்தான் முதலில் சண்டை போட்டேன். முடிகிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே என்றாள் மைதிலி. பிரிகிற வருத்தத்தை இங்கேயே சொல்லிவிட்டுப் போகலாம், பாதியில் எழுந்து போகிறவர்களாக இல்லாமல், என்றாள். சொன்னோம். ரஃபீக் அடுத்த மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறான், ஆயிரம் பேர் மண்டபம். ஆறுச்சாமி தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குகிறாராம். ஞாயிற்றுக்கிழமை என் கட்டுச்சோறு என்பது எல்லோருக்கும் தெரியும். "அவங்க வர்லைன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று வினோதினி கேட்டாள். தெரியாது என்றேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். "எங்களுக்குந்தான்" என்றார் ஆறுச்சாமி.

எழுந்திருக்கும்போது ரஃபீக், "வார்டன் அம்மா, ஒரே ஒரு தடவ அட்டனன்ஸ் எடுங்களேன்" என்றான். எடுத்தேன். நாலு பேரும் "உள்ளேன் அம்மா" என்றார்கள். மைதிலியும்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. எல்லாம் நன்றாக அமைந்தது. என் கையாலேயே பரிமாறினேன். ஒவ்வொரு இலையிலும் கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்து என்னையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், மெஷின் ஆனில் இருந்தது. சிந்து பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு, கன்னம் உப்பி, அவ்வளவு அழகாக இருந்தாள்.

பந்தி முடிந்து நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், வீட்டுக்காரரின் அக்கா, என் நங்கையா, சிந்துவின் அறைக்குள் போய் அலமாரியிலிருந்த துணிகளைப் பெட்டியில் அடைத்து, அந்தப் பெட்டியைக் கார் டிக்கியிலும் ஏற்றிவிட்டார்கள். "ராகு காலம் வர்றதுக்குள்ள ஏறு அம்மிணி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒரம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வாசலில் நிற்கிறது. சம்பந்தி அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். சிந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கையில் இரண்டு ஒப்புட்டோடு நின்ற முகம் அது.

ஒரு வார்த்தை. "ஏறு கண்ணு" என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஏறியிருப்பாள். இத்தனை பேருக்கு முன்னால் மறுத்திருக்கவே மாட்டாள். மேல் அறையும் தொட்டிலும் எனக்குக் கண்முன் தெரிந்தன. எழுத வெட்கமாக இருக்கிறது, வாயைத் திறந்தும்விட்டேன்.

ஆனால் வந்த வார்த்தை வேறாக இருந்தது. "கண்ணு, உனக்கு எங்க இருந்தா நல்லாருக்கும்?"

"இதென்ன துளசி கேள்வி? வழக்கம்னு ஒண்ணு இல்ல?" என்றார்கள் நங்கையா. நான் சிந்துவை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இங்கதாம்மா," என்றாள் சிந்து. சத்தம் சின்னதாக இருந்தாலும் சாரி இல்லை.

டிக்கியைத் திறந்து பெட்டியை நானே இறக்கினேன். கனமாக இருந்தது. மாப்பிள்ளை ஓடி வந்து வாங்கிக்கொண்டார். சிந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நிற்பாளே, அப்படிக் கொஞ்ச நேரம் நின்றாள். நங்கையா போகிற வழியெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அவர்களைப் பெருந்துறையில் இறக்கிவிட்ட பிறகு கார் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் கைமேல் வைத்தார். அவினாசி வரை எடுக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

மேல் அறையைப் பூட்டிவிட்டேன். அழுதேன். பிரஷர் நூற்று முப்பது.

செப்டம்பர் 11, புதன்

புதன்கிழமை வந்தால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. சிந்து இப்போது தினமும் அவளாகவே போன் செய்கிறாள். இன்று ரசப்பொடி அளவு கேட்டாள். கேட்டதை மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் போன். வலி எடுத்துவிட்டது. "அத்தை, சிந்து உங்களைத்தான் வரச்சொல்றா" என்றார். என்ன எடுத்து வர வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், அம்மா வந்தால் போதும் என்றாளாம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வெறுங்கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

ஈரோடு ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் விரல் நொறுங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சை இப்படி இழு, முதுகை அப்படி வை என்று சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. லிஃப்டில் நின்றதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு, கூட மட்டும் இருந்தேன். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு வலி போய் அடுத்த வலி வரும் இடைவெளியில் சிந்து கண்ணைத் திறந்தாள். "ஏம்மா, வாயே தொறக்க மாட்டேங்கற?"

"உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான் சாமி."

"பயமா இருக்குதும்மா. பேசு."

"என்ன பேசட்டும்?"

"எதையாச்சும் பேசு. ஆஸ்டல் கதை சொல்லு. நீ எப்பவும் பேசற மாதிரி, நிறுத்தாமப் பேசு."

அணை திறந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பல்லி விழுந்த சாம்பாரை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு, அரை மணியில் நானூறு பேருக்கு உப்புமா கிண்டியதைச் சொன்னேன். சுவரேறிக் குதித்த பெண் என் வெற்றிலைக் கொடிப் பந்தலிலேயே மாட்டிக்கொண்டு தொங்கியதைச் சொன்னேன். அவள் அப்பா காது மெஷினை ஆஃப் செய்து வைத்திருந்ததைச் சொன்னபோது, அந்த வலியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பாட்டிம்மா, கொஞ்சம் சத்தம் கம்மியாப் பேசுங்க" என்றாள்.

"அவங்க பேசட்டும் சிஸ்டர்," என்றாள் என் மகள்.

பிரசவ அறைக் கதவு வரைக்கும் பேசிக்கொண்டே போனேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பெண் குழந்தை. தலை நிறைய முடி, என் சத்தம்.

செப்டம்பர் 25, புதன்

குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நங்கையா போனிலேயே மூன்று பெயர் சொல்லிவிட்டார்கள். சிந்து இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

என் மனதில் ஒரு பெயர் இருக்கிறது, ரொம்ப நல்ல பெயர். கேட்டால் சொல்வேன்.